மஸ்கட் சிஸ்டர் விட்ட விமானம்

கேரளத்தின் தெற்கெல்லையில், பாறசாலையிலிருந்து பொழியூர்க் கடற்கரை வரைக்கும் இருந்த அத்தனை ஆண்பிள்ளைகளிடமும் ஆலோசனை கேட்டு, ஒருத்தர் சொன்னதைக்கூடச் செய்யாமல், எல்லோரையும் திருப்தியாக வீட்டுக்கு அனுப்பிவைத்த ஒரே மனிதப்பிறவி மஸ்கட் சிஸ்டர்தான். இந்த வித்தை கைவந்த இன்னொருவரை நான் இதுவரை சந்தித்ததில்லை. அரசியலில்கூட.

சிஸ்டர் என்றதும் கன்னியாஸ்திரீ என்று நினைத்துவிட வேண்டாம். நர்ஸ். பொழியூரில் கடல்தொழில் செய்யும் குடும்பத்தில் மூத்த பெண்ணாகப் பிறந்து, நர்ஸிங் படித்து, மஸ்கட்டுக்குப் போனவர். தங்கைகளுக்குக் கல்யாணம், தம்பிக்கு வீடு, அப்பாவுக்குக் கண் ஆபரேஷன், கோயிலுக்கு மணி என்று ஒவ்வொன்றாக முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது, தனக்குக் கல்யாணம் செய்துகொள்ள விட்டுப்போனது தெரிந்தது. "மறந்து போச்சு, இனி என்ன செய்ய?" என்று சொல்லிவிட்டு, ஐம்பது வயதை நெருங்கும்போது வேலையை விட்டு வந்து, பாறசாலை ரயில்வே ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் ஒரு சின்ன வீட்டைக் கட்டிக்கொண்டு தனியாகக் குடியேறினார். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது.

நான் அப்போது பாறசாலை ஜங்ஷனில் ஒரு டுட்டோரியல் காலேஜில் பிசிக்ஸ் வாத்தியார். பத்தாம் வகுப்பில் ஒரு முறை தோற்றவர்களை இன்னொரு முறை தோற்பதற்குத் தயார் செய்யும் இடம். கீழே தங்கப்பனின் டீக்கடை. டீக்கடையை ஒட்டி, கண்ணாடிக் கதவு போட்ட ஐ.எஸ்.டி. பூத். இரண்டுக்கும் தங்கப்பன்தான் முதலாளி. ஊர் ரகசியங்கள் பூத்துக்குள் பேசப்பட்டு, டீக்கடையில் விநியோகமாகும்.

டீ குடிக்க வருகிறவர்கள் உள்ளே நுழைவதற்கு முன்னால் சிஸ்டர் இருக்கிறாரா என்று எட்டிப் பார்ப்பார்கள். இருந்தால் தொலைந்தார்கள். தோல்பையிலிருந்து பிரஷர் பார்க்கும் கருவியை எடுத்து, கையில் பட்டையைச் சுற்றி, பந்தை அழுத்தி, லாட்டரி முடிவு அறிவிப்பதுபோல் கடை முழுக்கக் கேட்கும்படி அறிவிப்பார்.

"நூத்தி எழுபது! எலே தங்கப்பா, இந்த ஆளுக்கு இனி நீ உளுந்து வடை கொடுத்தா, கொலைக்கேசிலே நான் சாட்சி சொல்லி உன்னை உள்ளே வைப்பேன், கேட்டியா?"

அந்த ஆள் மறுநாளிலிருந்து வடை தின்பதற்காகப் பனச்சமூடு வரைக்கும் பஸ் ஏறிப் போக ஆரம்பித்தார்.

இன்னொரு நாள் ஜங்ஷனில் ஒரு தெருமுனைக் கூட்டம். பேச்சாளர் மத்தியானம் தொடங்கியவர், விளக்கு வைத்த பிறகும் நிறுத்துவதாக இல்லை. தொண்டை கட்டி, குரல் தவளை போலாகிவிட்டது. சிஸ்டர் விறுவிறுவென்று மேடையேறினார். "வாயைத் திறங்க" என்றார். பேச்சாளர் திறந்தார். வாயில் தெர்மாமீட்டரைச் செருகி, "இனி மூடுங்க. அசையாதீங்க" என்றார். மைக் முன்னால் தெர்மாமீட்டரோடு அவர் நின்ற அந்தக் கொஞ்ச நேர மௌனத்துக்குக் கிடைத்த கைதட்டல், அந்தக் கட்சிக்கு அந்தத் தேர்தல் முழுக்கக் கிடைக்கவில்லை.

அப்படிப்பட்டவர் ஒரு நாள் என் வகுப்புக்குள் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். ஒளிவிலகலை நடத்திக்கொண்டிருந்தேன். மணி அடித்துப் பையன்கள் போனதும் எழுந்து வந்தார்.

"சாரே, ஒரு சம்சயம் உண்டு."

"சொல்லுங்க சிஸ்டர்."

"முதல்முதலா பறத்தப் படிக்கிய ஒரு ஆளுக்கு ப்ளேன் நல்லதா, ஹெலிகாப்டர் நல்லதா?"

நான் அவர் கண்களைப் பார்த்தேன். காய்ச்சல் இருக்கிறதா என்று அவர்தான் மற்றவர்களை அப்படிப் பார்ப்பார்.

பிறகு விளக்கினார். மஸ்கட்டில் அவர் தங்கியிருந்த நர்ஸ்கள் விடுதியின் ஜன்னலுக்கு எதிரே ஒரு பொட்டல் வெளி. வெள்ளிக்கிழமை விடுமுறை. வெள்ளைக்காரர்களும் அரபிகளும் சின்னச் சின்ன விமானங்களைக் காரில் கொண்டுவந்து அங்கே பறக்கவிடுவார்கள். கையில் ஒரு பெட்டி, பெட்டியில் இரண்டு குச்சி. குச்சியை அசைத்தால் மேலே விமானம் திரும்பும். ஜன்னலில் துணி காயப்போட்டுக்கொண்டே வருஷக்கணக்காக அதைப் பார்த்திருக்கிறார். ஒரு முறை இறங்கிப் போய், "நானொண்ணு பிடிச்சுப் பாக்கட்டா?" என்று கேட்டிருக்கிறார். எல்லோரும் நல்ல மனிதர்கள். சிரித்தார்களாம். ஒருவர் தன் மகளிடம் பேசுவதுபோல் பேசி, குடிக்க ஜூஸ் கொடுத்து அனுப்பினாராம்.

"ஜூஸ் குடிச்சேன். ஆனா அண்ணைக்கே நினைச்சேன், ஊருக்குப் போனா இதொண்ணு வாங்கணும்னு. இப்பம் எனக்க கூட்டுக்காரி மஸ்கட்டிலேருந்து கிறிஸ்மஸ் லீவுக்கு வாறா. ஏது வேணும்னு கேக்கியா. சாரு பிசிக்ஸ் சாரல்லியா, சொல்லுங்க."

பிசிக்ஸ் சாருக்குத் தெரியாது என்று சொல்லும் வழக்கம் பிசிக்ஸில் இல்லை. ஹெலிகாப்டர்தான் நல்லது என்றேன். அது ஓரிடத்தில் நிற்கும், யோசித்துத் திருப்பலாம், விமானம் நிற்காது, எனவே பழகுகிறவர்களுக்கு ஆபத்து என்றேன். கரும்பலகையில் அம்புக்குறிகூடப் போட்டேன்.

"சாரு எத்தனை ஹெலிகாப்டர் பாத்திருக்கு?"

"படத்திலே பார்த்திருக்கேன்."

"கொள்ளாம். நல்ல கருத்தாக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். மூன்று நாள் நான் மிதப்பாக நடந்தேன். அவர் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டுத்தான் ஊரைச் சுற்றி வருகிறார் என்பது எனக்கு எப்படித் தெரியும்?

அந்த வாரமே சிஸ்டர் தங்கப்பனின் பூத்திலிருந்து மஸ்கட்டுக்குப் பேசினார். லைன் சரியில்லை. கண்ணாடிக் கதவையும் தாண்டி அவர் குரல் டீக்கடையில் விழுந்தது.

"ப்ளேனுக்க விலை சொல்லியாச்சே, ஹெலிகாப்டருக்க விலை எத்தனை? எலி இல்லே! ஹெலி! ஹெலிகாப்டர்! ஆமா, எனக்குத்தான்! வேற ஆருக்கு?"

சாயங்காலத்துக்குள் சிஸ்டர் ஹெலிகாப்டர் வாங்குகிறார் என்ற செய்தி நெய்யாற்றின்கரையைத் தாண்டிவிட்டது. பொம்மை, ரிமோட் போன்ற அற்ப விவரங்கள் வழியிலேயே உதிர்ந்துபோயின. மறுநாள் ஒரு கல்யாணத் தரகர் வந்தார். இத்தனை காலமும் அவருக்கு நினைவில் வராத ஒரு நல்ல வரன், ஹெலிகாப்டர் என்றதும் வந்திருந்தது. ஒரு கட்சிக்காரர் வந்து மாநாட்டுக்கு மேலேயிருந்து பூத்தூவ வாடகைக்குக் கிடைக்குமா என்று கேட்டார். பஞ்சாயத்து மெம்பர் ஒருவர், வீட்டு மொட்டை மாடியில் ஹெலிகாப்டர் இறக்க அனுமதி வாங்கியாயிற்றா என்று விசாரித்து, இல்லையென்றால் தான் ஏற்பாடு செய்து தருவதாகவும் கொஞ்சம் செலவாகும் என்றும் சொன்னார்.

டீக்கடை இரண்டு கட்சியாகப் பிரிந்தது. ஹெலிகாப்டர் கட்சிக்குத் தலைவர் 'ஏர்ஃபோர்ஸ்'. பெயர் வேறு, ஆனால் அதை யாரும் உபயோகித்ததில்லை. விமானப்படையிலிருந்து ரிடையராகி வந்தவர். விரைப்பான மீசை. வானத்தில் ஏதாவது சத்தம் கேட்டால் நிமிர்ந்து பார்க்காமலேயே என்ன விமானம் என்று சொல்லுவார். நிமிர்ந்து பார்த்தவர்களுக்கும் ஒன்றும் தெரியாததால் இதுவரை அவர் தப்பாகச் சொன்னதில்லை.

"ப்ளேனுக்கு ரன்வே வேணும். இஞ்ச எங்க இருக்கு ரன்வே? ரெண்டு தெங்குக்கு நடுவிலே ஒரு தெங்கு நிக்கியது. ஹெலிகாப்டர்னா கிணத்துக்குள்ளே இருந்துகூட மேலே வரும். நான் பாத்ததாக்கும்" என்பார்.

விமானக் கட்சிக்குத் தலைவர் தங்கப்பன். அவருடைய மச்சினன் ஒரு முறை விமானத்தில் போயிருக்கிறான், இறங்கும்போது மிட்டாய் கொடுத்தார்கள் என்பதுதான் அவருடைய ஆதாரம். "ஹெலிகாப்டரிலே ஆரு மிட்டாய் கொடுக்கியது?" என்ற கேள்வி வந்ததும் ஏர்ஃபோர்ஸ் இன்னொரு டீ சொன்னார்.

சிஸ்டர் இரண்டு கட்சியையும் மரியாதையாகக் கேட்டார். வார்டில் ஒவ்வொரு கட்டிலாக டெம்பரேச்சர் எடுப்பதுபோல ஒவ்வொருவர் அபிப்பிராயத்தையும் எடுத்து, "கொள்ளாம், கொள்ளாம்" என்று சொல்லி, அடுத்த கட்டிலுக்குப் போனார். கடைசியில் ஒரு நாள் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு முடிவைச் சொன்னார்.

"ப்ளேன்தான். சிறகு மேலே வச்சது."

ஏர்ஃபோர்ஸ் துள்ளினார். "ஏன் சிஸ்டரே? காரணம் சொல்லணும்."

"வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை நான் பாத்ததாக்கும். ப்ளேன் வச்சிருந்தவன் பறத்துவான். ஹெலிகாப்டர் வச்சிருந்தவன் நிழல்லே இருந்து ஸ்க்ரூ முறுக்குவான். கை ஒண்ணு தடுமாறினா ஹெலிகாப்டர் நேரே தரைக்கு வரும். சிறகு மேலே உள்ள ப்ளேன், கையை விட்டாலும் தானா நேரே ஆவும். கொஞ்சம் பொறுக்கும். படிக்கியவளுக்குப் பொறுக்கிய சாதனந்தான் வேணும்."

"ஆனா ஹெலிகாப்டர் அந்தரத்திலே நிக்குமே!"

சிஸ்டர் தன் கால்களைப் பார்த்தார். முழங்காலுக்குக் கீழே நீல நரம்புகள் கயிறாகப் புடைத்துக்கொண்டிருந்தன.

"நான் இத்தனை வருஷம் நின்னாச்சு, ஏர்ஃபோர்ஸே. இனி நிக்கிய சாதனம் எனக்கு வேண்டாம். போற சாதனம் போதும்."

தங்கப்பன் தன் கட்சி ஜெயித்ததைக் கொண்டாட மறந்துவிட்டார்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் பெட்டி வந்தது. அதோடு தம்பி ஜெறாள்டும் வந்தார். பொழியூரில் வள்ளம் வைத்து மீன் பிடிப்பவர். தோளகலம் வீட்டு வாசலகலம். அவர் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தபோது நான் அங்கே இருந்தேன். நெட்டி மாதிரி லேசான பலகைகள், ஒரு பெரிய எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு எஞ்ஜின்.

"அக்கா, இது எஞ்ஜினா?"

"ஆமாலே."

"ஓடுமா?"

"ஓடும்."

ஜெறாள்டு எஞ்ஜினை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "கடல்லே நான் கைவலிக்கத் துடுப்பு துழாவுகேன். எனக்க வள்ளத்துக்கு எஞ்ஜின் இல்லே. உனக்க விளையாட்டுச் சாமானுக்கு எஞ்ஜின்!" என்றார். குரல் உயரவில்லை. அதுதான் சங்கடமாக இருந்தது. கொண்டுவந்த மீனை வாசல் திண்டில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு மீன் ஒழுங்காக வந்தது. ஆள் வரவில்லை. வேறு யாரிடமாவது கொடுத்தனுப்புவார்.

சிஸ்டர் அன்று ராத்திரி சாப்பிடவில்லை என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். ஆனால் காலையில் சாப்பாட்டு மேஜையில் பெட்டியைக் கவிழ்த்துவிட்டார். ஒவ்வொரு பலகையாக ஒட்டி, சிறகுக்கு மேல் பளபளப்பான மஞ்சள் தாளை இஸ்திரிப்பெட்டியால் தேய்த்து இறுக்கி, ஆபரேஷன் தியேட்டர் சுத்தத்தில் வேலை நடந்தது. நான் உதவிக்குப் போனேன். கை கழுவாமல் சிறகைத் தொட்டதற்காக வெளியே அனுப்பப்பட்டேன்.

அடுத்த சிக்கல் எரிபொருள். அந்த எஞ்ஜினுக்கு ஒரு வகை ஸ்பிரிட்டும் ஆமணக்கெண்ணெயும் கலந்து ஊற்ற வேண்டும். எங்கள் எல்லைப் பக்கத்தில் ஒருவர் ஸ்பிரிட் எங்கே கிடைக்கும் என்று விசாரித்தால், அவர் விமானம் விடப்போகிறார் என்று யாரும் நினைக்க மாட்டார்கள். திருவனந்தபுரத்திலிருந்து கேன் வந்து இறங்கிய மறுநாள், இரண்டு பேர் வேலிக்கு வெளியே நின்று, "சிஸ்டரே, ஒரு கிளாஸ் கிடைக்குமா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார்கள். சிஸ்டர் அவர்களை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, அந்தக் குறிப்பிட்ட ஸ்பிரிட்டைக் குடித்தால் முதலில் கண்ணும் பிறகு என்னென்னவும் போகும் என்று உடற்கூறு படம் போட்டு விளக்கினார். அவர்களில் ஒருவர் ஈஸ்டர் வரை கள்ளுக்கடைப் பக்கமே போகவில்லை.

முதல் பறப்பு பள்ளிக்கூட மைதானத்தில். ஏற்பாடு ஏர்ஃபோர்ஸ். கஞ்சி போட்ட காக்கிச் சட்டையும் தொப்பியுமாக வந்து, கூட்டத்தை வரிசையில் நிறுத்தி, பெட்டியை சிஸ்டரின் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"முதல் பறத்தல் பழக்கமுள்ள ஆளு செய்யணும். அதாக்கும் ரூல்."

சிஸ்டர் கொடுத்துவிட்டுத் தள்ளி நின்றார். மஞ்சள் விமானம் மண்ணில் ஓடி, எல்லோருக்கும் ஆச்சரியமாக, மேலே எழும்பியது. அதிகம் ஆச்சரியப்பட்டவர் ஏர்ஃபோர்ஸ்தான் என்று அவர் முகத்தைப் பார்த்தபோது தோன்றியது. கைதட்டினோம். விமானம் திரும்பி எங்களை நோக்கி வந்தது. ஏர்ஃபோர்ஸ் குச்சியை இடது பக்கம் தள்ளினார். அது வலது பக்கம் போனது. இன்னும் அழுத்தித் தள்ளினார். இன்னும் வலது பக்கம் போய், ஹெட்மாஸ்டர் அறைக்குப் பக்கத்திலிருந்த அயனி மரத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டது. காக்காய்கள் எல்லாம் கிளம்பிப் போயின.

"எதிர்காத்து" என்றார் ஏர்ஃபோர்ஸ். ஒரு இலைகூட அசையவில்லை. "நான் அப்பமே சொன்னேன், ஹெலிகாப்டர் வாங்கணும்னு."

மரமேறி ஒருவர் அதை இறக்கித் தந்தார். சிஸ்டர் விபத்து வார்டில் செய்வதுபோல் தடவிப் பார்த்தார். "இடது சிறகு ஒடிவு. மூக்கிலே சதவு, சின்ன நசுங்கல். உயிருக்கு ஆபத்தில்லே" என்று அறிவித்தார். இரண்டே வாரத்தில், சிறகில் குறுக்கே வெள்ளை பிளாஸ்திரிகளோடு விமானம் டிஸ்சார்ஜ் ஆனது.

அதற்குள் அவர் காரணத்தையும் கண்டுபிடித்திருந்தார். "சாரே, எதிரே வரும்போ அதுக்க இடது நமக்கு வலது. எதிரே நிக்கிய பேஷண்டுக்கு ஊசி போடுகது போலே. இது எனக்குத் தெரியும். ஆனா கைக்குத் தெரியாது. அதினாலே முதல்லே நான் இடது பக்கம் மட்டும் திருப்பிப் படிக்கப் போறேன். வலது பக்கம் பிறகு பாக்கலாம்."

இந்த முறை யாரிடமும் ஆலோசனை கேட்கவில்லை. மரமே இல்லாத இடம் அவர் பிறந்த கடற்கரைதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து ஜனங்கள் வெளியே வரும் நேரம், பொழியூர் மணலில் வந்து நின்றார். நான் விமானத்தைத் தூக்கிக்கொண்டு கூடவே போனேன். ஏர்ஃபோர்ஸும் அதே காக்கிச் சட்டையும் தொப்பியுமாக வந்தார், மேற்பார்வைக்கு. தங்கப்பன் கடையை அடைத்துவிட்டு வந்தார்.

மணலில் சக்கரம் ஓடவில்லை. புதைந்தது. யாராவது கையில் தூக்கி எறிய வேண்டும். நான் எறிந்தேன். பத்தடியில் மூக்கு குத்தி விழுந்தது. மறுபடி எறிந்தேன். எட்டடி.

கொஞ்சம் தள்ளி, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார் ஜெறாள்டு. அத்தனை நேரமும் திரும்பவில்லை. என் இரண்டாவது எறிதலைப் பார்த்து யாரோ சிரித்தபோது திரும்பினார். அதற்கு மேல் அவரால் தாங்க முடியவில்லை. வலையைக் கீழே போட்டுவிட்டு வந்து என்னை ஒதுக்கினார்.

"இப்பிடியா எறியியது? சாரு வீட்டிலே சோறு திங்கியதில்லியா?"

அக்காவின் முகத்தைப் பார்க்காமல் விமானத்தைத் தூக்கினார். எஞ்ஜின் கையில் அதிர்ந்தது. வலை வீசும் வேகத்தில் உடம்பைத் திருப்பி, "போய்த் தொலை, சவமே!" என்று எறிந்தார்.

அது போனது. கடலுக்கு மேலே ஏறி, வெயிலில் மஞ்சளாக மினுங்கி, இடது பக்கம் சாய்ந்து வட்டமடித்துத் திரும்பி வந்தது. பூசைக்கு வந்த கூட்டம் முழுக்க அண்ணாந்து நின்றது. ஒரு கிழவர் சிலுவை போட்டுக்கொண்டார். சிஸ்டர் இரண்டு கட்டைவிரலையும் குச்சிகளில் வைத்துக்கொண்டு, மூச்சுக்கூட விடாமல் மேலே பார்த்துக்கொண்டிருந்தார். நரம்பு தேடும்போது நர்ஸ்களுக்கு வரும் முகம் அது.

இடது, இடது, இடது. வட்டம் வட்டமாகச் சுற்றியது. அழகாகத்தான் இருந்தது. ஆனால் கடற்காற்று எழும்பியிருந்தது. ஒவ்வொரு வட்டமும் முந்தின வட்டத்துக்குக் கொஞ்சம் தெற்கே விழுந்தது. வலது பக்கம் திருப்பி நேராக்கிக் கொண்டுவர சிஸ்டருக்குத் தைரியமில்லை. விமானம் தள்ளிப் போனால் அதன் கீழே தான் போய்விட வேண்டியதுதான் என்று முடிவு செய்து, கண்ணை வானத்திலிருந்து எடுக்காமல் நடக்க ஆரம்பித்தார்.

அப்படி ஒரு ஊர்வலத்தை அந்தக் கடற்கரை கண்டதில்லை. மேலே விமானம். கீழே பெட்டியை நெஞ்சோடு பிடித்தபடி சிஸ்டர். பின்னால் ஞாயிற்றுக்கிழமை உடுப்பில் ஊர் ஜனம். மணலெல்லாம் வலை, கயிறு, காயும் நெத்தோலி, கவிழ்த்துப்போட்ட வள்ளங்கள். எதிலாவது கால் தடுக்கினால் சிஸ்டரும் விழுவார், விமானமும் விழும். எல்லோருக்கும் முன்னால் ஜெறாள்டு ஓடினார். கயிற்றை இழுத்துப் போட்டார், மீன் பாயைச் சுருட்டச் சொல்லிக் கத்தினார், படுத்திருந்த ஆளையே தூக்கி ஒதுக்கினார்.

"அக்கா, முன்னே வள்ளம் உண்டு, வலதுக்கு வா. ஆங். இப்பம் நேரே. பள்ளம், பள்ளம், பைய. நீ கீழே பாக்காதே. மேலே மட்டும் பாரு. கீழே நான் பாத்துக்கிடுகேன்."

கடற்கரையில் மாநில எல்லைக்குச் சுவரெல்லாம் கிடையாது. இந்தப் பக்கம் மீன் பொரித்தால் அந்தப் பக்கம் மூக்கில் ஏறும். நாங்கள் எப்போது கேரளத்தைத் தாண்டினோம் என்று ஒருவருக்கும் தெரியாது. எஞ்ஜின் இருமி, நின்றது. எண்ணெய் தீர்ந்துவிட்டது. "ஐயோ" என்றது கூட்டம். சிஸ்டர் குச்சியிலிருந்து விரலை மெல்லத் தளர்த்தினார். விமானம் தானாக நேராகி, சத்தமில்லாமல் சறுக்கி வந்து, தமிழ்நாட்டு நீரோடியின் மணலில், ஒரு போலீஸ்காரரின் பூட்ஸுக்கு ஒரு முழம் முன்னால் வந்து நின்றது.

ஏட்டையா மதுரைப் பக்கத்துக்காரர். கடற்கரை ரோந்துக்கு வந்த இடத்தில் வானத்திலிருந்து ஒன்று வந்து காலடியில் இறங்கினால் அவர்தான் என்ன செய்வார்? முதலில் இரண்டடி பின்னால் குதித்தார். பிறகு சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் வந்தார்.

"என்னய்யா இது? எந்த நாட்டு விமானம்?"

"கேரளாவிலேருந்து வந்ததாக்கும் ஏமானே" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

"வேற மாநிலத்துலருந்து அனுமதியில்லாம பறந்து வந்திருக்கு! யாரு இதுக்குப் பொறுப்பு?"

கூட்டம் மொத்தமும் ஏர்ஃபோர்ஸைப் பார்த்தது. "இவரு பட்டாளமாக்கும். விமானப்படை" என்று தங்கப்பன் பெருமையாக அறிமுகம் செய்தார். ஏட்டையா தொப்பியையும் காக்கிச் சட்டையையும் மேலும் கீழும் பார்த்தார். ஏர்ஃபோர்ஸின் மீசை இரண்டு பக்கமும் இறங்கியது.

"ஏமானே, நான்... ஸ்டோரிலேயாக்கும் இருந்தேன். அரிசி, பருப்பு செக்‌ஷன். விமானத்திலே ஒரு தடவைகூட ஏறினதில்லே."

இத்தனை வருஷமாக ஒரு பாறசாலைக்காரரும் வெளியே எடுக்காத உண்மையை ஒரே கேள்வியில் எடுத்துவிட்டது தமிழ்நாடு போலீஸ்.

"அப்ப ஓட்டினது யாரு?"

"நான்" என்றார் சிஸ்டர்.

"நீங்க சும்மா இருங்கம்மா. ஆம்பளைங்களைக் கேட்கிறேன். யாருய்யா ஓட்டினது?" என்றவர், எல்லோரையும்விட உயரமாக, வியர்வை வழிய நின்ற ஜெறாள்டின் மேல் விரலை நீட்டினார். "நீதானே?"

ஜெறாள்டு குனிந்து விமானத்தை எடுத்து, அதன் சிறகிலிருந்த மணலைத் தன் தோள் துண்டால் துடைத்தார்.

"எனக்க அக்காதான் ஓட்டினா. பொழியூர்லேருந்து இதுவரை ஒத்தைக்கு ஓட்டிக்கிட்டு வந்தா. வேற ஒருத்தனும் தொடல்லே. எழுதுகதுன்னா அவளுக்க பேரை எழுதுங்க."

சிஸ்டர் சட்டென்று கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். கண்ணில் மணல் விழுந்துவிட்டதாகச் சொன்னார்.

ஏட்டையா நம்பவில்லை. ஓட்டிக் காட்டச் சொன்னார். நான் தூக்கி வந்த கேனில் மிச்சமிருந்த எண்ணெயை ஊற்றி, ஜெறாள்டு எறிய, சிஸ்டர் ஓட்டினார். இரண்டு வட்டம் போனதும் ஏட்டையா தொப்பியைக் கழற்றி அக்குளில் வைத்துக்கொண்டார். மூன்றாவது வட்டத்தில், "ஏம்மா, வலது பக்கம் திரும்பாதா?" என்று கேட்டார். "அது இன்னும் படிக்கல்லே" என்றார் சிஸ்டர். கீழே இறங்கியதும் ஏட்டையா தாழ்ந்த குரலில் தீர்ப்புச் சொன்னார்.

"எடுத்துட்டுப் போங்க. ஆனா பறந்து போகக் கூடாது. பறந்துபோனா நான் ரிப்போர்ட் எழுதணும். எந்தத் தலைப்பிலே எழுதறதுன்னு எனக்குத் தெரியாது. பஸ்ஸிலே கொண்டு போங்க."

பஸ்ஸில்தான் கொண்டுபோனோம். சிறகைக் கழற்றினால் தன் அக்காவின் வேலை கெட்டுப்போகும் என்று ஜெறாள்டு கழற்ற விடவில்லை. ஒரு முழு சீட்டுக்கு விமானத்தை உட்காரவைத்து, தான் பக்கத்தில் நின்றுகொண்டு வந்தார். கண்டக்டர் சுமை டிக்கெட்டா, ஆள் டிக்கெட்டா என்று குழம்பி, கடைசியில் அரை டிக்கெட் கொடுத்தார்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெறாள்டுதான் எறிவார். வேறு யாரையும் தொட விடமாட்டார். அடுத்த பருவத்தில் அவர் வள்ளத்துக்கும் ஒரு எஞ்ஜின் வந்தது. எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அக்காவும் தம்பியும் ஒரே மாதிரி பேச்சை மாற்றினார்கள். ஏர்ஃபோர்ஸை டீக்கடையில் எல்லோரும் 'பருப்பு' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். சிஸ்டர் மட்டும் கடைசி வரை 'ஏர்ஃபோர்ஸே' என்றுதான் கூப்பிட்டார். அவர் எதிரே மற்றவர்களும் அப்படியே கூப்பிட வேண்டியிருந்தது. மறுத்தவர்களுக்குப் பிரஷர் பார்க்கப்பட்டது. வலது பக்கம் திருப்பவும் அந்த வருஷ மழைக்காலத்துக்கு முன் சிஸ்டர் படித்துவிட்டார்.

தொண்ணூறுகள் முடிவதற்குள் எனக்கு நாகர்கோவிலில் ஒழுங்கான வேலை கிடைத்தது. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு, ஜன்னல் வழியாக ஒரு பொட்டலம் என் மடியில் விழுந்தது. கீழே சிஸ்டர்.

"தலைவேதனைக்கு, வயித்துக்கு, காய்ச்சலுக்கு. மேலே எல்லாம் எழுதியிருக்கு. புதிய ஊரு, குடிக்கிய வெள்ளமும் புதுசு. பாத்து இரு மக்கா."

பஸ் கிளம்பிவிட்டது. நான் ஒழுங்காக நன்றிகூடச் சொல்லவில்லை.

அந்த மாத்திரைகளை நான் சாப்பிடவேயில்லை. காலாவதியாகி எத்தனையோ வருஷமாகிறது. என் மனைவி அலமாரி துடைக்கும்போதெல்லாம் குப்பையில் போட எடுப்பாள், நான் பிடுங்கி மறுபடி உள்ளே வைப்பேன். சிஸ்டருக்கு இப்போது எண்பது நெருங்குகிறது. காலாவதியான மாத்திரையை வீட்டில் வைத்திருக்கிறேன் என்று தெரிந்தால், அந்தக் கால்களோடு பஸ் ஏறி வந்து என்னை நாலு திட்டு திட்டாமல் விடமாட்டார். வரட்டும் என்றுதான் வைத்திருக்கிறேன்.